வார்டில் ஆள் இல்லை: எடுப்பதிலா கோளாறு, இருப்பவர்கள் போவதிலா?

வார்டு சிஸ்டர் (ஜார்ஜ்டவுன்) எழுதியது:

வணக்கம். பினாங்கில் ஒரு தனியார் மருத்துவமனையில் வார்டு சிஸ்டராக இருக்கிறேன். அதற்கு முன் பல வருடம் அரசாங்க மருத்துவமனையில் இருந்தேன். இப்போது நோயாளிகளோடு இருக்க வேண்டிய நேரத்தில் பாதி, ரோஸ்டர் போடுவதிலேயே போகிறது. யாராவது ஒருவர் எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்தால் போதும், "ஓஃப் நாளில் வர முடியுமா" என்று நாலு பேரிடம் போனில் கெஞ்ச வேண்டும்.

எந்த மீட்டிங்கிலும் ஒரே பேச்சுதான்: "நர்ஸ் கிடைக்கவில்லை, இந்தக் காலத்துப் பிள்ளைகள் இந்த வேலைக்கு வர மாட்டேன் என்கிறார்கள்." இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிள்ளைகள் இன்டர்வியூவுக்கு வருகிறார்கள், வேலையிலும் சேருகிறார்கள். போகிறவர்கள் யார் என்று பாருங்கள். ஐந்து வருடம், எட்டு வருடம் பழகியவர்கள், போஸ்ட் பேசிக் (டிப்ளோமாவுக்கு மேல் எடுக்கும் சிறப்புப் பயிற்சி) முடித்தவர்கள், டாக்டர் வருவதற்கு முன்பே நோயாளியின் முகத்தைப் பார்த்து ஏதோ சரியில்லை என்று கண்டுபிடிப்பவர்கள். அப்படிப்பட்ட ஒரு ஐசியு நர்ஸ் போன இடத்தை மூன்று புதுப் பிள்ளைகளை வைத்தும் நிரப்ப முடியாது. அந்த மூன்று பேரையும் பழக்கிவிட ஒரு பழைய ஆள் வேண்டும், அவரும் போய்விட்டார்.

வெளியில் இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். வார்டில் ஒரே ஒரு இடத்தில் எந்நேரமும் ஒரு நர்ஸ் நிற்க வேண்டும் என்று வையுங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரம் 42 மணி நேரம் வேலை செய்தால் அந்த ஓர் இடத்துக்கே நான்கு பேர் வேண்டும். ஆண்டு லீவு, எம்சி, மகப்பேறு, கோர்ஸ் எல்லாம் சேர்த்தால் ஐந்து பேர் இருந்தால்தான் தாங்கும். 2023 ஜனவரியிலிருந்து தனியாரில் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாள் ஆனது. ரொம்ப நல்ல சட்டம், எப்போதோ வந்திருக்க வேண்டியது. ஆனால் இளம் பெண்கள் நிறைந்த வேலை இது. அந்த 98 நாளுக்கு மாற்று ஆள் எடுங்கள் என்றால் மட்டும் பட்ஜெட் இல்லை என்கிறார்கள். பிள்ளை பெற்றவள் மேல் மற்ற நர்ஸ்களுக்குக் கோபம் வருகிறது. கோபம் போக வேண்டிய இடம் அது இல்லை.

உங்கள் இடத்தில் எப்படி? அரசாங்கம், தனியார், டயாலிசிஸ், முதியோர் இல்லம், எங்கே இருந்தாலும் எழுதுங்கள்.

—

பிறை ராணி (பட்டர்வொர்த்) எழுதியது:

சிஸ்டர், சரியாகச் சொன்னீர்கள். நான் அரசாங்க ஸ்டாஃப் நர்ஸ். எங்களுக்குக் காலை 7 முதல் 2, மதியம் 2 முதல் இரவு 9, அப்புறம் 9 முதல் காலை 7. மதிய ஷிஃப்ட்தான் குடும்பத்தை உடைக்கிற ஷிஃப்ட். தாஸ்கா (குழந்தைக் காப்பகம்) சாயங்காலமே மூடிவிடும். வீட்டுக்காரரும் தொழிற்சாலையில் ஷிஃப்ட் என்றால் பிள்ளையை யார் பார்ப்பது? என் வார்டில் இரண்டு பேர் இந்த ஒரே காரணத்துக்காகப் போனார்கள். சம்பளத்தைப் பற்றி அவர்கள் வாயே திறக்கவில்லை.

9 மணிக்கு ஷிஃப்ட் முடியும் என்பதெல்லாம் தாளில்தான். அடுத்த ஷிஃப்டுக்கு நோயாளிகளின் விவரத்தைச் சொல்லி பாஸ் ஓவர் கொடுத்து, எழுத வேண்டியதை எழுதி முடித்துக் கிளம்ப 10 ஆகும். அதற்குப் பிறகு மோட்டாரில் பாலம் தாண்டி வருகிறவர்கள் இருக்கிறார்கள், மழையிலும்தான்.

2024 டிசம்பர் 1-ஆம் தேதி அரசாங்க ஊழியர்களுக்கான புதிய சம்பள முறை வந்தபோது, ஷிஃப்ட் நர்ஸ்களின் 42 மணி நேரத்தை 45 ஆக்கப் போகிறோம் என்றார்கள். எதிர்ப்புக் கிளம்பியது, தள்ளி வைத்தார்கள். சிஸ்டர் போட்ட கணக்கையே போட்டுப் பாருங்கள். 168-ஐ 45-ஆல் வகுத்தால் நான்கு பேர் செய்ததை சுமார் மூன்றே முக்கால் பேர் செய்துவிடலாம் என்று வரும். 400 நர்ஸ் வேண்டிய இடத்தில் சுமார் 373 போதும். ஆள் எடுக்காமலே ஆள் கிடைத்துவிட்டது! ஆனால் அந்த மூன்று மணி நேரம் யார் உடம்பிலிருந்து வருகிறது? ஏற்கனவே பாஸ் ஓவருக்குக் கணக்கில்லாமல் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

—

சுங்கை டுவா எழுதியது:

நான் நர்ஸ் இல்லை. நோயாளியின் மகன். போன வருடம் அப்பாவை அட்மிட் செய்திருந்தோம். எந்த மருத்துவமனை என்று சொல்லப் போவதில்லை. பெல் அடித்தால் அரை மணி நேரம் யாரும் வரவில்லை. அப்பா சிறுநீர் கழிக்க எழுந்து விழப் பார்த்தார். வந்த மிஸ்ஸி (நர்ஸ்) முகம் கொடுத்துப் பேசவில்லை. நீங்கள் எல்லாரும் வேலைப்பளு என்கிறீர்கள், சரி. காசு கட்டுகிற எங்களுக்கு அது எப்படிப் பதிலாகும்?

—

வார்டு சிஸ்டர் எழுதியது:

தம்பி, உங்கள் அப்பாவுக்கு நடந்தது நடந்திருக்கக் கூடாது. அதை நியாயப்படுத்த எனக்கு வாய் வராது.

ஆனால் அந்த நேரத்தில் அந்த மிஸ்ஸி கையில் எத்தனை நோயாளிகள் என்பதையும் கேட்டிருக்க வேண்டும். லிண்டா ஏய்க்கன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் குழுவினரும் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட கட்டுரை எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். ஒரு நர்ஸ் பொறுப்பில் கூடுதலாக ஒரு நோயாளி சேரும்போது, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதாக அதில் கண்டார்கள். நர்ஸ் ஓய்ந்து போகும் வாய்ப்பு அதைவிட அதிகம், 23 சதவீதம் கூடியது. பெல்லுக்குப் பதில் இல்லாததும், முகம் கொடுத்துப் பேசாததும், அவள் அடுத்த வருடம் வேலையை விடுவதும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன.

கலிபோர்னியாவில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 2004-இல் அமலுக்கு வந்தது. பொது வார்டில் ஒரு நர்ஸுக்கு ஐந்து நோயாளி, ஐசியுவில் இரண்டு. அதற்கு மேல் கொடுக்க முடியாது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2016-இலிருந்து குறிப்பிட்ட அரசாங்க மருத்துவமனை வார்டுகளில் காலையும் மதியமும் ஒருவருக்கு நான்கு, இரவில் ஏழு. இங்கே இரவில் ஒரு ஸ்டாஃப் நர்ஸ் எத்தனை பேரைப் பார்க்கிறார் என்று இரவு வேலை செய்கிறவர்கள் யாரிடமாவது கேளுங்கள்.

நீங்கள் புகார் எழுதுங்கள், தம்பி. ஆனால் "மிஸ்ஸி சரியில்லை" என்று எழுதாமல், "அந்த ஷிஃப்டில் எத்தனை நோயாளிக்கு எத்தனை நர்ஸ்" என்று எழுத்தில் கேளுங்கள். நாங்கள் கேட்டால் மதிக்க மாட்டார்கள். காசு கட்டுகிற நீங்கள் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

—

பாயான் பாரு எச்ஆர் எழுதியது:

தனியார் மருத்துவமனை ஒன்றில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறேன். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

பினாங்கு மருத்துவச் சுற்றுலாவுக்குப் பேர் போன இடம். மேடானிலிருந்து காலை விமானம் ஏறினால் சாப்பாட்டு நேரத்துக்குள் டாக்டரைப் பார்த்துவிடலாம். கட்டிலின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. பெரிய குழுமங்கள் இங்கே பணம் போடுகின்றன. 2024-இல் ஐலண்ட் மருத்துவமனையை ஐஎச்எச் குழுமம் 392 கோடி ரிங்கிட்டுக்கு வாங்கியதே எல்லாருக்கும் தெரியும். கட்டடம் இரண்டு வருடத்தில் எழுந்துவிடும். நர்ஸ் உருவாக டிப்ளோமா மூன்று வருடம், நர்ஸ் வாரியத் தேர்வு, அப்புறம் வார்டில் பழக இரண்டு வருடம். ஐசியு, ஆபரேஷன் தியேட்டர் என்றால் அதற்கு மேலும் போஸ்ட் பேசிக்.

ஆகவே தீவில் இருக்கிற மருத்துவமனைகள் எல்லாம் ஒரே ஆட்களைத்தான் மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு மருத்துவமனை ஆள் சேரும்போது ஊக்கத்தொகை கொடுத்தால் அடுத்த மருத்துவமனை அதைவிடக் கூடுதலாகக் கொடுக்கிறது. மொத்த எண்ணிக்கையில் ஒரு நர்ஸ்கூடக் கூடுவதில்லை. இது எனக்கும் தெரிகிறது, மேலே இருப்பவர்களுக்கும் தெரிகிறது. ஆனாலும் அடுத்த மாத ரோஸ்டர் ஓட வேண்டுமே.

வெளிநாட்டு நர்ஸை எடுக்கலாமே என்பார்கள். இங்கே நர்ஸ் வாரியத்தின் தற்காலிகச் சான்றிதழ் இல்லாமல் அவர்கள் ஒரு ஊசி போட முடியாது. அந்த வேலை மாதக்கணக்கில் இழுக்கும். மொழியும் இருக்கிறது. கெடாவிலிருந்து வந்த தமிழ்ப் பாட்டி, ஆயர் ஈத்தாமிலிருந்து வந்த ஹாக்கியன் பேசும் சீனத் தாத்தா, இவர்களிடம் "எங்கே வலிக்கிறது" என்று கேட்பதற்கே பக்கத்துக் கட்டில்காரரைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

—

பழைய டியூட்டர் (கோலாலம்பூர்) எழுதியது:

இந்தப் பேச்சில் பழைய கதை ஒன்று விட்டுப்போகிறது. அது தெரியாமல் இன்றைய நிலைமை புரியாது.

2000-க்குப் பிறகு தனியார் நர்சிங் கல்லூரிகள் மூலைக்கு மூலை முளைத்தன. கடைவீட்டு மாடியில்கூட. "படித்தால் வேலை நிச்சயம்" என்ற விளம்பரத்தை நம்பி, பிடிபிடிஎன் என்ற அரசாங்கக் கல்விக் கடன் வாங்கிப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். நம் இந்தியப் பெண் பிள்ளைகள் நிறைய. தோட்டத்திலிருந்து பட்டணம் வந்த குடும்பங்களுக்கு, மகள் வெள்ளைச் சீருடை போடுவது என்றால் அது ஒரு பெருமை. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸரை (மருத்துவ உதவியாளரை) எப்படி மதித்தார்கள் என்பதைப் பார்த்த தலைமுறை அது.

2010 வாக்கில் என்ன ஆனது? படித்து முடித்தவர்கள் அதிகம், எடுக்க ஆள் இல்லை. மருத்துவப் பயிற்சிக்குப் போதுமான கட்டில்கள் இல்லாமலே வகுப்புகளை நடத்தியிருந்தார்கள். நர்சிங் டிப்ளோமாவோடு கடையில் கேஷியராக நின்ற மாணவிகளை எனக்கு நேரில் தெரியும். அந்தச் சமயத்தில்தான் புதிய கல்லூரிகளுக்குத் தடை போட்டார்கள், பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் மூன்று பாடத்தில் கிரெடிட் போதும் என்றிருந்ததை ஐந்தாக உயர்த்தினார்கள். தரத்துக்காக அது தேவையாக இருந்தது. கல்லூரிகள் ஒவ்வொன்றாக இழுத்து மூடப்பட்டன. வேலை கிடைக்காத அக்காவைப் பார்த்த தங்கைகள் வேறு படிப்புக்குப் போனார்கள். அன்று வீட்டுக்கு அனுப்பியவர்கள்தான் இன்று பத்துப் பதினைந்து வருட அனுபவத்தோடு நமக்கு வேண்டியவர்கள்.

இப்போது மறுபடியும் "கிரெடிட்டைக் குறை, கதவைத் திற" என்ற குரல் கேட்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. சேர்ப்பதைக் கூட்டலாம். ஆனால் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க டியூட்டர் எங்கே? வார்டில் பக்கத்தில் நின்று பழக்க, நேரம் இருக்கிற சீனியர் எங்கே? அது இல்லாமல் எண்ணிக்கையை மட்டும் கூட்டினால் 2010-க்கே திரும்பிப் போவோம்.

—

பிறை ராணி எழுதியது:

டியூட்டர் ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். நான் மூன்று கிரெடிட் காலத்தில் சேர்ந்தவள். ஐந்து கிரெடிட் என்றிருந்தால் இன்று நர்ஸாகவே இருக்க மாட்டேன். கணக்கில் கிரெடிட் வாங்காதவள் ஐவி சொட்டுக் கணக்கை ராத்திரி 3 மணிக்கும் தப்பில்லாமல் போடுகிறேன். உள்ளே வரும் கதவை அகலமாக வைத்துவிட்டு, வாரியத் தேர்வைக் கறாராக வைக்கலாமே?

—

பழைய டியூட்டர் எழுதியது:

உங்களைப் போன்றவர்களைத் தேர்ந்தெடுத்து வளர்க்கிற கல்லூரி என்றால் எனக்கு மறுப்பே இல்லை, அம்மா. வாரியத் தேர்வில் தேறாமல் போகும் பிள்ளையின் கடனை யார் கட்டுவது என்பதுதான் என் கவலை. கல்லூரி மூன்று வருடக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடும். வாரியத் தேர்வில் தன் மாணவர்கள் எத்தனை சதவீதம் தேறினார்கள் என்று ஒவ்வொரு கல்லூரியும் வாசலில் எழுதி வைக்கட்டும். அப்புறம் மூன்று கிரெடிட்டுக்கு நானும் கை தூக்குகிறேன்.

—

உட்லண்ட்ஸ் எழுதியது:

நான் போனவர்களில் ஒருத்தி. பட்டர்வொர்த் பெண், இப்போது சிங்கப்பூரில் வேலை.

ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் வருகிறது. இதற்கு மேல் விளக்கம் வேண்டாம் என்பார்கள். ஆனால் நான் கிளம்பியதற்குக் காசு மட்டும் காரணம் இல்லை. இங்கே 2023-இல் நாலாயிரம் புது நர்ஸ்களை எடுக்கப் போகிறோம் என்று அமைச்சரே வெளிப்படையாகச் சொன்னார். 2024-இல் இருப்பவர்களைத் தக்கவைக்க ஒரு திட்டம் அறிவித்தார்கள். அரசாங்க மருத்துவமனைகளில் நீண்ட காலம் இருக்கும் நர்ஸ்களுக்கு 20 வருடத்தில் ஒரு லட்சம் சிங்கப்பூர் வெள்ளி வரை பகுதி பகுதியாகக் கொடுப்பது அது. முழுத் தொகை குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். நான் சொல்ல வருவது அந்த எண்ணத்தை. புதிதாக வருபவருக்குச் சேரும் பணம் கொடுப்பதற்குப் பதில், இருக்கிறவருக்கு இருப்பதற்காகவே கொடுக்கிறார்கள்.

பினாங்கில் நான் வேலை விட்டபோது, எனக்குப் பதில் வந்த புதுப் பெண்ணுக்குச் சேரும் தொகை கொடுத்தார்கள். அத்தனை வருடம் இருந்த என்னிடம் "ஏன் போகிறாய்" என்று ஒருவர்கூட உட்கார்ந்து கேட்கவில்லை. பாரத்தில் கையெழுத்து வாங்கினார்கள், லாக்கர் சாவியை வாங்கினார்கள்.

திரும்பி வருவேனா என்று அம்மா கேட்கிறார். மாதத்துக்கு முன்பே ரோஸ்டர் தெரிந்து, அது பிறகு மாறாது என்று எழுத்தில் தந்தால், சம்பளம் குறைந்தாலும் யோசிப்பேன்.

—

செராஸ் டயாலிசிஸ் எழுதியது:

இன்னொரு வாசல் இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை. நான் மருத்துவமனையை விட்டேன், நாட்டை விடவில்லை. கோலாலம்பூரில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் இருக்கிறேன். நாட்டில் டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் 50,000-ஐத் தாண்டிவிட்டார்கள். நம் ஆட்களின் சர்க்கரை வியாதியைப் பார்த்தால் அது குறையப் போவதில்லை. மையங்கள் கூடிக்கொண்டே போகின்றன. எங்கள் மையத்தில் இரவு ஷிஃப்ட் கிடையாது, ஞாயிறு லீவு. வார்டில் வாங்கியதைவிடச் சம்பளம் ரொம்ப அதிகம் இல்லை. ஆனால் பிள்ளையின் பள்ளி விளையாட்டு விழாவுக்குப் போக முடிகிறது. வார்டுக்காரர்கள் "நர்ஸ் சிங்கப்பூர் போய்விட்டாள், சவூதி போய்விட்டாள்" என்று மட்டும் எண்ணுகிறார்கள். அடுத்த தெருவுக்குப் போனவர்களை எண்ணுவதில்லை.

—

பாயான் பாரு எச்ஆர் எழுதியது:

உட்லண்ட்ஸ் தங்கை எழுதியது மனதில் குத்துகிறது. போகிறவரிடம் உட்கார்ந்து கேட்கும் பழக்கம் எங்களிடமும் பெயருக்குத்தான் இருக்கிறது. பாரம் இருக்கிறது. அதில் "சொந்தக் காரணம்" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள், நாங்களும் கோப்பில் வைத்துவிடுகிறோம்.

ரோஸ்டரை மாதத்துக்கு முன்பே உறுதியாகக் கொடுப்பது செலவில்லாத காரியம் போலத் தெரியும், அப்படி இல்லை. திடீரென்று வராதவர்களுக்குப் பதில் அனுப்ப ஐந்தாறு பேர் கொண்ட உபரிக் குழு ஒன்று வேண்டும். அந்தச் சம்பளத்தை மேலே கேட்டால், "சும்மா இருப்பவர்களுக்கா" என்பார்கள். ஏஜென்சி ஆளுக்கும் ஓடிக்கும் (ஓவர்டைம்) கொடுப்பதைக் கூட்டிக் காட்டினால் ஒருவேளை கேட்பார்கள். சிஸ்டர், உங்கள் வார்டின் ஓடி கணக்கு ஒரு வருடத்துக்கு உங்களிடம் இருக்குமா? அதுபோல நாலு வார்டு சிஸ்டர்கள் கொடுத்தால் என் இடத்தில் நான் கேட்டுப் பார்க்கிறேன்.

—

வார்டு சிஸ்டர் எழுதியது:

இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் என் கையால் எழுதியது. நீங்கள் வேறு மருத்துவமனை என்பதால் எண்களை இங்கே போட முடியாது. ஆனால் எப்படிக் கணக்கிடுவது என்று தனியாக எழுதி அனுப்புகிறேன். உங்கள் வார்டு சிஸ்டர்களிடம் கேளுங்கள், யாரும் இதுவரை அவர்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

—

மகள் எஸ்பிஎம் (புக்கிட் மெர்தாஜாம்) எழுதியது:

இதையெல்லாம் படித்தபின் கேட்கவே தயக்கமாக இருக்கிறது. மகள் எஸ்பிஎம் எழுதியிருக்கிறாள், நர்சிங்தான் படிப்பேன் என்கிறாள். ஒரு தனியார் மருத்துவமனை கட்டணத்தைக் கட்டுகிறோம், படித்து முடித்துச் சில வருடம் எங்களிடம் வேலை செய்ய வேண்டும் என்கிறார்கள். அவள் அப்பா வேண்டாம் என்கிறார். எங்களிடம் கட்டணம் கட்டப் பணம் இல்லை. என்ன செய்யலாம்?

—

உட்லண்ட்ஸ் எழுதியது:

அக்கா, நானும் இப்படிப்பட்ட ஒப்பந்தத்தில், பாண்டில் படித்தவள். பாண்ட் என்றாலே கெட்டது இல்லை. வேலை உறுதி, கடன் இல்லை. நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற பக்கத்தை மட்டும் கவனமாகப் படியுங்கள். வேலை செய்த வருடத்துக்கு ஏற்ப அந்தத் தொகை குறைகிறதா, அல்லது கடைசி மாதத்தில் போனாலும் முழுத் தொகையா? என்னுடையது முழுத் தொகை. உடம்பு முடியாமல் போனபோதும் விட முடியவில்லை.

—

வார்டு சிஸ்டர் எழுதியது:

அக்கா, முதலில் சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களுக்கு விண்ணப்பம் போடச் சொல்லுங்கள். அங்கே கட்டணச் சுமை இல்லை, மாத உதவித்தொகையும் உண்டு. போட்டி அதிகம், கிடைக்காமலும் போகலாம். அதற்காகப் போடாமல் இருக்காதீர்கள். எத்தனை பேர் அறிவிப்பு வந்ததே தெரியாமல் விட்டுவிடுகிறார்கள்.

தனியார்தான் என்றால் உட்லண்ட்ஸ் சொன்னதோடு இன்னும் சிலவற்றைக் கேளுங்கள். பாண்ட் காலம் எந்த நாளிலிருந்து தொடங்குகிறது, வேலையில் சேர்ந்த நாளா, வாரியத்தில் பதிவான நாளா? தேர்வில் முதல் தடவை தேறாவிட்டால் என்ன? பிற்காலத்தில் போஸ்ட் பேசிக் அனுப்பினால் அதற்குத் தனி பாண்டா? அது பழையதோடு சேர்ந்து ஓடுமா, முடிந்தபின் தொடங்குமா? இந்தக் கடைசி விஷயத்தில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். அப்புறம் முதல் ஆறு மாதம் அவளோடு ஒரு சீனியர் நிற்பாரா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் வேறு இடம் பாருங்கள்.

அவள் அப்பாவிடம், மகளை ஒரு நாள் என்னிடம் பேசவிடச் சொல்லுங்கள். வேலை கஷ்டம் என்பதை மறைக்க மாட்டேன். இத்தனை வருடம் ஏன் விடாமல் இருக்கிறேன் என்பதையும் சொல்வேன். ஒப்பந்தம் கைக்கு வந்ததும், கையெழுத்துப் போடும் முன், பெயர்களை மறைத்துவிட்டு அந்தப் பாண்ட் பக்கத்தை எனக்குத் தனியாக அனுப்புங்கள். மாலை ஷிஃப்ட் முடிந்து பார்த்துப் பதில் போடுகிறேன்.